குழந்தைகளின் முதுகை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தை மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் வணக்கம்.

குனிந்து தரையைத் தொடச் சொல்வது, கை எட்டவில்லை என்றதும் ஐந்து வயதுப் பிள்ளையின் சீட்டில் ‘முதுகு இறுக்கம்’ என்று எழுதிவிடுவது: இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தச் சோதனையில் முதுகு மட்டுமா வளைகிறது? இடுப்பு மூட்டு மடங்குகிறது, தொடையின் பின்தசை நீள்கிறது, கைகால்களின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. முதுகு விறைப்பாக இருந்தும் இடுப்பின் தயவில் தரையைத் தொட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள்தான் நம் கண்ணில் படாமல் போகிறார்கள்.

சரி, குனியும்போது கீழ்முதுகு எவ்வளவு வளைகிறது என்று டேப்பால் அளக்கும் ஷோபர் முறை இருக்கிறதே என்பீர்கள். நல்ல முறைதான். 1937இல் வந்ததை 1969இல் மக்ரே, ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் திருத்தினார்கள். கீழ்முதுகும் இடுப்பெலும்பும் சேரும் இடத்துக்கு 5 செ.மீ. கீழே ஒரு புள்ளி, 10 செ.மீ. மேலே ஒரு புள்ளி. குனியும்போது இடையிலுள்ள 15 செ.மீ. எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கிறோம். பெரியவர்களுக்கு 5 செ.மீ. கூடினால் போதும் என்பது வழக்கம். ஆனால் பெரியவரின் கீழ்முதுகில் ஒரு பகுதியை மட்டும் பிடிக்கும் அந்த 10 செ.மீ., சின்னப் பிள்ளையிடம் ஏறக்குறைய முழுக் கீழ்முதுகையும் பிடித்துவிடுகிறது. பிறகு அதே 5 செ.மீ. வரம்பை இருவருக்கும் வைப்பது எப்படி நியாயமாகும்?

அதனால்தான் கேட்கிறேன்: முதலில் நோயில்லாத பிள்ளைகளை அளந்து வையுங்கள். வயதோடு உயரத்தையும் குறியுங்கள், ஏனென்றால் ஒரே வயதில் உயரம் வெகுவாக மாறுகிறது. எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பேனா முனை பட்டதும் பிள்ளைக்குக் கூச்சம் வந்து நெளியும். அந்த நேரத்தில் புள்ளி வைத்தால் தொடக்க அளவே தப்பு. நிமிர்ந்து அமைதியாக நிற்கும்வரை பொறுங்கள். குனியும்போது முழங்கால் மெல்ல மடங்கும், அதை ஒருவர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் பிள்ளைக்கு விளையாட்டுத்தான், இன்னும் ஓரிரு முறை குனியவிடுங்கள். காலையில் அளந்ததை மாலையில் அளந்ததோடு ஒப்பிட வேண்டாம்.

அப்புறம், டேப்பை எடுக்குமுன் கொஞ்சம் பாருங்கள். ஒரு பொம்மையைக் கீழே போட்டு எடுக்கச் சொல்லுங்கள். நன்றாகக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்தே எடுக்கிறதா? குனியும்போது கீழ்முதுகு வில்லாக வளையாமல் தட்டையாகவே நிற்கிறதா? காய்ச்சலோ இரவு வலியோ கூட இருக்கிறதா? அப்படியானால் டேப் காட்டும் எண் எதுவாக இருந்தாலும், அந்தப் பிள்ளையை அன்றைக்கே முழுமையாகப் பரிசோதியுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளோடு வேலை செய்யும் ஒரு பிசியோதெரபிஸ்ட்