இறுகியிருக்கிறது என்று நீ சொன்ன நட்டு

வில்லிவாக்கம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள செல்வா,

இங்கே அனைவரும் நலம். பெரியம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னான். வந்து பார்க்க முடியாமற் போனதற்கு அவரிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சியின் காரில் நீ போட்ட சக்கர நட்டுகளைப் பற்றி நேற்றுத் தொலைபேசியில் நான் தொடங்கியதை நீ முடிக்கவிடவில்லை. "நன்றாக இறுகியிருக்கிறது, கவலைப்படாதே" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த 'இறுகியிருக்கிறது' என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அப்பாவின் ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டபோது அதிலிருந்த நட்டு, போல்ட்டு, வாஷர் அனைத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாயே, அதில் பாதியைப் பொங்கலுக்கு வந்தபோது எனக்குக் கொடுத்தாய். போன மாதம் என் மாருதி 800 பஞ்சரானபோது கழற்றிய சக்கர நட்டு ஒன்று உருண்டு சாக்கடையில் விழுந்துவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். அதே பருமனில், அதே கூம்பு முகத்தோடு ஒரு நட்டு கிடைத்தது. விரலாலேயே அடிவரை வழுக்கிக்கொண்டு ஏறியது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரும் கச்சிதமாகப் பொருந்தியது. உன்னை மனத்துக்குள் வாழ்த்தியபடியே முறுக்கினேன், இறுகியது.

மூன்றாம் நாள் மகளை அழைத்து வரக் காஞ்சிபுரம் போய்த் திரும்பும்போது, திருப்பெரும்புதூரைத் தாண்டியதும் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து ஒரு தட்டல் ஓசை கேட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால், அந்த ஒரு நட்டு கையாலேயே சுற்றியது. எவ்வளவு சுற்றினாலும் இறுகவில்லை, கழன்றும் வரவில்லை. வெளியே இழுத்துக்கொண்டே திருப்பியபோதுதான் வந்தது. ஸ்டட்டின், அதாவது நட்டு ஏறும் சக்கர போல்ட்டின், மரை முழுவதும் வெள்ளிபோல் மழுங்கிக் கிடந்தது. மற்ற மூன்று நட்டுகள்தாம் எங்களை வீடு சேர்த்தன. மகள் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தடிப்பை அளக்கும் வெர்னியரும் மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜும் இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். மாருதியின் ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிப்பு. மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். அப்பாவின் ஜீப் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்தது. அதன் சக்கர நட்டு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 20 மரை. கணக்குப் போட்டுப் பார், இடைவெளி 1.27 மில்லிமீட்டர் வரும். இரண்டுக்கும் மரையின் கோணம் 60 பாகைதான். 1.25-க்கும் 1.27-க்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு நட்டின் நீளத்தில் தெரியவே தெரியாது. ஆனால் நட்டின் வாய் அகலம் என்பதால் அதன் மரை ஸ்டட்டின் மரையில் பாதி உயரம்கூடக் கடிப்பதில்லை; நுனியைத்தான் பற்றிக்கொள்கிறது. முறுக்கும்போது அந்த நுனிகள் ஒன்றையொன்று அழுத்துவதைத்தான் நாம் இறுகிவிட்டது என்று நினைக்கிறோம். ஓடும் சக்கரத்தின் அதிர்ச்சியில் அந்த நுனிகள் சீவப்பட்டுவிடுகின்றன.

ஸ்பேனரும் நம்மை எச்சரிப்பதில்லை. ஜீப் நட்டின் தலை முக்கால் அங்குலம், அது 19.05 மில்லிமீட்டர். பாய் பட்டறையில் நாம் கற்ற முதல் பாடம் உனக்கு நினைவிருக்கும்: விரலால் முழுவதும் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதே. நாற்பது ஆண்டுகளாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடம் தவறில்லை, ஆனால் பாதிதான். விரலால் ஏறிய நட்டைப் பக்கவாட்டில் ஆட்டியும் பார்க்க வேண்டும். சரியான நட்டு மிகச் சிறிதே அசையும். இது கடகடவென்று ஆடுகிறது. நான் அன்று ஆட்டிப் பார்க்கவில்லை.

சரியான நட்டைத் தேடி நான் அலைந்ததையும் சொல்லிவிடுகிறேன். தெருமுனை ஹார்டுவேர் கடையில் 12 மில்லிமீட்டர் என்று கேட்டால் 1.75 இடைவெளி நட்டைத்தான் கொடுக்கிறார்கள். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பெரும்பாலும் அதுதான் போகிறது. அது என் ஸ்டட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஏற மறுத்தது. எனக்கு அதன்மேல் மரியாதையே வந்தது. பொருந்தாததை முதலிலேயே சொல்லிவிடுகிறதே! பிறகு வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கடையிலிருந்த பெரியவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: எந்த வண்டி, நட்டின் முகம் கூம்பா தட்டையா? என் பழைய நட்டை வாங்கி ஒரு மாதிரி போல்ட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் புதியதை எடுத்தார். கூம்பு முகம் இல்லையென்றால் சக்கரம் நடுவில் உட்காராது என்றும் சொன்னார். ஸ்டட்டையும் மாற்றியாயிற்று. எண் குறிக்காத போல்ட்டை பிரேக்குக்கோ ஸ்டியரிங்குக்கோ கண்ணால் பார்த்து வாங்காதே என்றும், தலையில் 8.8, 10.9 என்று வலிமையைக் குறிக்கும் எண் இருப்பதைப் பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு வாங்கு என்றும் அவர் சொன்னதை உனக்கும் சொல்லிவைக்கிறேன். நீ எடைக்கு வாங்கும் ஆசாமி.

இப்போது உன் விஷயம். பொங்கலன்று நீயே பெருமையாகச் சொன்னாய், தங்கச்சியின் ஆல்ட்டோவில் துருப்பிடித்த இரண்டு சக்கர நட்டுகளை எடுத்துவிட்டு டப்பாவிலிருந்து இரண்டைப் போட்டேன் என்று. ஆல்ட்டோவின் ஸ்டட்டும் என் வண்டியைப் போலவே 12-க்கு 1.25. நான்கில் இரண்டு, செல்வா! எனக்காவது மூன்று மிச்சமிருந்தன. அவள் வாரத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளோடு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறி இறங்குகிறாள். ஒவ்வொரு வளைவிலும் பாரம் ஒரு பக்கச் சக்கரங்களில்தான் போய் விழுகிறது.

இடது சக்கரக் கதையை இழுத்து உன்னைக் கேலி செய்ய இது நேரமில்லை. இருந்தாலும் ஜீப்பின் இடது சக்கர நட்டு எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை மறந்து அன்று ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்தபோதும் நீ இதே குரலில்தான் "எனக்குத் தெரியும்" என்றாய். அன்று உடைந்தது வெறும் ஸ்டட்.

இத்துடன் கூரியரில் எட்டு நட்டுகள் அனுப்பியிருக்கிறேன். எட்டும் நானே ஏற்றிப் பார்த்தவை. கடிதம் கிடைத்ததும் தங்கச்சியிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, அந்த இரண்டையும் கழற்றி, ஸ்டட்டின் மரையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார். பளபளப்பாக மழுங்கியிருந்தால் புது நட்டைப் போட்டுச் சமாளிக்காதே. ஸ்டட்டை மாற்றும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. டப்பாவில் மிச்சமிருப்பவற்றில் அங்குல மரைகளைத் தனியே பிரித்து, மேலே 'ஜீப்' என்று எழுதி ஒட்டிவிடு. அப்பாவின் நினைவுக்கு அவை இருக்கட்டும்.

பார்த்துவிட்டு எந்த நேரமானாலும் என்னை அழை. அண்ணிக்கும் பெரியம்மாவுக்கும் என் வணக்கங்கள்.

அன்புடன்,
மணி