நாற்பத்தொரு ஆண்டுகள் யார் கணக்கில்?

நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காஷ்மீர் பற்றி அவையில் விவாதம் எழுந்தால் அடுத்த அரைமணி நேரம் என்ன பேசப்படும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். ஐ.நா.வுக்குப் போனது நேருவின் தவறு, படேலிடம் விட்டிருந்தால் கதையே வேறு என்பார் ஒருவர். காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் 1947 அக்டோபர் 26 வரை இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததை இன்னொருவர் நினைவூட்டுவார். மூன்றாமவர் குஜராத்தின் ஜூனாகத் சமஸ்தானத்துக்குப் போவார்: நவாப் பாகிஸ்தானோடு சேர்ந்தார், 1948 வாக்கெடுப்பில் மக்கள் அந்தப் பக்கம் போட்டது 91 ஓட்டு. எல்லாம் நடந்ததுதான். ஆனால் நீங்கள் கூண்டில் ஏற்றுகிற அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள். உங்களுக்கு அது எத்தனை வசதி!

வடக்கு வங்கத்தில் கூச் பெஹார் சிட்மஹால்களை, அதாவது ஒரு நாட்டுக்குள் தீவுபோல மாட்டிக்கொண்ட இன்னொரு நாட்டின் நிலத்துண்டுகளைப் பற்றி அப்படிப் பேச முடியாது. 1947இல் எல்லைக்கோடு வரைந்த ராட்க்ளிஃப் தலையிலும் அதைக் கட்ட முடியாது. முகலாயர் காலத்திலிருந்தே கூச் பெஹார் சமஸ்தானத்துக் கிராமங்கள் இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூருக்குள்ளும், ரங்பூர்க் கிராமங்கள் சமஸ்தானத்துக்குள்ளும் சிதறிக் கிடந்தன. 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அந்தத் துண்டுகளெல்லாம் அந்நிய நாட்டுக்குள் மாட்டிக்கொண்டன. கடைசிக் கணக்கில் வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். தகாலா காக்ராபாரி என்று ஓர் இடம். ஏறத்தாழ இரண்டு ஏக்கர் இந்தியா. அதைச் சுற்றி வங்கதேசக் கிராமம், அந்தக் கிராமத்தைச் சுற்றி இந்தியக் கிராமம், அதையும் சுற்றி வங்கதேசம். நடுவில் விளைந்தது சணல்.

மேற்கு வங்க எல்லையில் உள்ள பேருபாரி என்ற ஊரின் பெயர் தமிழ்நாட்டில் எங்களுக்குப் பழக்கமானது கச்சத்தீவால். நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது பேருபாரி பற்றிய கேள்விக்குச் சொன்ன பதில்தான். ராட்க்ளிஃபின் எழுத்தும் வரைபடமும் ஒத்துப்போகாத இடம் அது. 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபிரோஸ் கான் நூனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். மேற்கு வங்கம் கொதித்தது. இந்தத் தீர்ப்பை மேடைக்கு மேடை மேற்கோள் காட்டிய நாங்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

1974 மே மாதம் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். தெற்குப் பேருபாரி நமக்கு. இந்தியாவுக்குள் இருந்த தாஹாகிராம், அங்கர்போதா துண்டுகள் அவர்களுக்கு. அங்கே போய்வர 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலத்தில் தீன் பிகா என்ற வழி. மற்ற துண்டுகளை மாற்றிக்கொள்வது. வங்கதேசம் அதே ஆண்டு தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. நம் அவைகள் திருத்தியது 2015 மே மாதம். தீன் பிகா வழி திறந்ததே 1992இல்தான். அதுவும் பகலில், ஒரு மணி விட்டு ஒரு மணி.

இந்த நாற்பத்தொரு ஆண்டுகளில் சிட்மஹாலில் பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊரில் ஒருவரை அப்பா என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. பிரசவத்துக்குப் போகிற பெண், ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறொருவரைக் கணவர் என்று சொன்னாள். பெற்ற தகப்பன் வெளியே நின்றிருப்பான். தலைக்கு மேலே மின்கம்பி போகும். வீட்டுக்கு வெளிச்சம் கிடையாது. திருட்டு நடந்தால் போலீஸ் வராது, வரவும் முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால்தானோ என்னவோ, அவர்களுக்காக யாரும் அவையில் கூச்சல் போடவில்லை.

2013இல் மசோதா வந்தபோது எதிர்த்த கட்சியே ஆட்சிக்கு வந்ததும் அதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அன்று கொண்டுவந்த கட்சி ஆதரித்தது. இரு அவைகளிலும் ஓர் எதிர் ஓட்டுக்கூட விழவில்லை. அந்த ஒற்றுமையைப் பத்திரிகைகள் பாராட்டின. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யாருக்கும் ஆட்சேபம் இல்லாத விஷயத்துக்கு நாற்பத்தொரு ஆண்டுகளா? வங்கதேசத்துக்குள் இருந்த நம் துண்டுகளில் 37,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இந்தியாவுக்கு வர விரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்கள் இருந்த இடத்திலேயே வங்கதேசத்தவர் ஆனார்கள். 'நிலம் போகிறது' என்று சொல்லி இத்தனை காலம் தள்ளிப்போட்டோமே, அந்த நிலத்தில் குடியிருந்தவர்களை யாராவது கேட்டிருந்தால் பதில் அன்றே கிடைத்திருக்கும்.

1947 பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. நேருவையும் படேலையும் எடைபோடும் அதே தராசில், தள்ளிப்போட்டவர்களும் ஏறட்டும் என்கிறேன். கேட்பது ஒன்றுதான். எல்லை ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்தாகி ஓராண்டுக்குள் அவையில் வைத்தே தீர வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஏற்பதும் நிராகரிப்பதும் உங்கள் உரிமை. முடியாதென்றால், மசோதாவின் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகளை மட்டுமாவது அச்சிடுங்கள்: கையெழுத்தான நாள், அவைக்கு வந்த நாள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்