எந்தத் தோள் என்பதைக் கண் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் 2018இல் நிறுத்தப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி 2025இல் மீண்டும் தொடங்கியதிலிருந்து, பினாங்கின் பிறையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் முகாமைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. சென்ற வாரம் எதிர்வீட்டு அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, என் மகனுக்கு எல்லாமே இடக்கைதான், அங்கே போய்த் துப்பாக்கியைத் தூக்கச் சொன்னால் என்ன செய்வான்?" என்று கேட்டார். அஸ்கார் வத்தானியா என்னும் தன்னார்வப் படையில் எட்டு ஆண்டுகள் இருந்தவன் என்பதோடு நானும் இடக்கைப் பழக்கம் உள்ளவன் என்பதால், அவருக்குச் சொன்னதை மற்றப் பெற்றோரும், முடிந்தால் பயிற்சி கொடுப்பவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த 1980களில் எங்கள் கையில் கொடுக்கப்பட்டது எம்16 துப்பாக்கி. அதன் தோட்டா உறை வெளியேறும் வாய் வலப்பக்கத்தில் உள்ளது. வலத்தோளில் அடிக்கட்டையை வைப்பவருடைய முகம் துப்பாக்கிக்கு இடப்புறம் இருப்பதால் சூடான உறை அவருக்கு எட்டாமல் தெறித்துப் போய்விடும். இடத்தோளில் வைத்தால் முகம் அந்த வாய்க்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது. உறை கன்னத்தருகே பறக்கும், புகையும் கண்ணில் அடிக்கும். பாதுகாப்பு விசை இடப்பக்கம் இருப்பதால், வலக்கைக்காரர் கட்டைவிரலால் தள்ளுவதை நாங்கள் ஆள்காட்டி விரலை மடக்கித் தள்ள வேண்டும். (நியாயமாகச் சொன்னால், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் பின்னால் நின்றுவிட்டால் அதை விடுவிக்கும் விசையும் இடப்பக்கமே இருப்பதால், அது மட்டும் எங்கள் விரலுக்கு வசதியாக அமைந்தது.) பிற்காலத்து எம்16ஏ2இலும், இன்று நம் படையினர் ஏந்தும் எம்4இலும், வெளியேறும் வாய்க்குப் பின்னால் ஒரு சிறு திமில் வைத்து உறையை முன்பக்கமாகத் தட்டிவிடுகிறார்கள். எங்கள் பழைய துப்பாக்கியில் அது இல்லை.

முதல் நாள் நான் இயல்பாக இடத்தோளில் வைத்தேன். மூன்றாவது குண்டின் உறை சட்டைக் காலருக்குள் விழுந்தது. நான் துள்ளியதைக் கண்ட பயிற்றுநர், "கிடால் தா போலே!" (இடக்கை கூடாது!) என்று கத்தித் துப்பாக்கியை வலத்தோளுக்கு மாற்ற வைத்தார். சூடு படவில்லைதான், ஆனால் குறிப்பலகையில் என் பத்துக் குண்டுகளும் பத்துத் திசையில் கிடந்தன. நான் அஞ்சி விசையை இழுப்பதாக அவர் நினைத்தார். நானும் பல மாதம் அப்படியே நம்பினேன். காரணம் என் பயமன்று, என் இடக்கண். நம்மில் பெரும்பாலோருக்கு இரு கண்களில் ஒன்று முந்திக்கொண்டு இலக்கைப் பிடிக்கும். எனக்கு அது இடக்கண். வலத்தோளில் வைத்துவிட்டு அந்தக் கண்ணை இடுக்கி மூடிக்கொண்டே சுட்டால் முகம் இறுகும், தலை சாயும், குறி தப்பும்.

இங்கேதான் பலரும், இடக்கைக்காரர்களும் சேர்த்து, தவறு செய்கிறோம். எழுதும் கையும் குறிபார்க்கும் கண்ணும் எப்போதும் ஒரே பக்கத்தில் அமைவதில்லை. உலகில் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் இடக்கண் முந்துகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அப்படியானால் வலக்கையால் எழுதும் பிள்ளைகளிலும் பலர் தெரியாமலே தவறான தோளில் துப்பாக்கியை வைக்கிறார்கள். இதைக் கண்டறிய மருத்துவர் வேண்டாம். இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை விட்டு, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரு கண்களையும் திறந்து பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், எந்தக் கண் திறந்திருக்கையில் பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் முந்தும் கண். ஒரு நிமிடம் ஆகாது. முதல் குண்டுக்கு முன்பே இதைச் செய்து தோளை முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எல்லாரும் வலத்தோளில்தான் சுட வேண்டும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. தோட்டாக் கூடான மேகசினை மேலே கொண்ட பழைய பிரென் இயந்திரத் துப்பாக்கியில் குறிபார்க்கும் பகுதி இடப்பக்கமாகத் தள்ளி அமைக்கப்பட்டிருந்ததால் அதை வலத்தோளிலிருந்துதான் சுட முடிந்தது. 1985இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த எஸ்ஏ80 துப்பாக்கியில் போல்டை இழுக்கும் கைப்பிடி வலப்பக்கத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் ஓடும். இடத்தோளில் வைத்தால் முகத்தைப் பதம் பார்த்துவிடும். ஆகவே அங்கே இடக்கைக்காரரும் வலத்தோளிலேயே பழகுகிறார்கள், நன்றாகவும் சுடுகிறார்கள். ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் அதே துப்பாக்கியோடு வாழ்பவர்கள். சில வாரப் பயிற்சிக்குப் போய் ஓரிரு நாள் மட்டும் சுடும் திடலைப் பார்க்கும் பிள்ளையை அவர்களோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

நம் இராணுவமும் பயன்படுத்திய ஆஸ்திரிய நாட்டு ஸ்டெயர் ஏயூஜி துப்பாக்கியில் போல்டை மாற்றி, வெளியேறும் வாயின் மூடியை மறுபக்கம் பொருத்தினால், உறை இடப்பக்கம் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி மாற்றிய துப்பாக்கியைப் பக்கத்து வலக்கை வீரர் அவசரத்தில் எடுத்துச் சுட்டால் உறை அவர் முகத்தில் அடிக்கும் என்பதால், எந்த ஆயுதக் கிடங்கும் அதை விரும்புவதில்லை. எனவே தனித் துப்பாக்கி கேட்டு நான் வாதாடவில்லை.

என் சிக்கலைத் தீர்த்தவர் பின்னர் வந்த ஒரு சார்ஜன்ட். அவர் என்னை இடத்தோளிலேயே சுடவிட்டு, வரிசையின் வலக்கோடியில் படுக்க வைத்தார். வலத்தோளில் சுடுபவர் கால்களை இடப்புறமாகச் சாய்த்துப் படுப்பார், நான் வலப்புறமாகச் சாய்ப்பேன்; நடுவில் இருந்தால் பக்கத்தவர் காலும் என் காலும் பின்னிக்கொள்ளும். காலர் பொத்தானை மேல்வரை போடச் சொல்லி, கண்ணுக்குக் கண்ணாடியும் கொடுத்தார். அன்று என் குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின. இரு கைகளாலும் அம்பெய்ய வல்லவன் என்று அர்ச்சுனனைச் சவ்யசாசி எனப் புகழ்ந்துவிட்டு, வாழை இலையில் இடக்கை பட்டால் பிள்ளையின் புறங்கையில் அடிக்கும் நம் வீடுகளைப் பற்றி அன்று இரவு நெடுநேரம் யோசித்தேன்.

எதிர்வீட்டுப் பையனை அழைத்து, எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கைத்துளை வழியே பார்க்கச் சொன்னேன். எழுதுவதும் பந்தெறிவதும் இடக்கையால் செய்யும் அவனுக்கு முந்தும் கண் வலக்கண். மூன்று முறை பார்த்தும் அப்படித்தான் வந்தது. ஆகவே, வலத்தோளிலேயே வைத்துப் பழகு, விசையை இழுக்கும் விரல் முதலில் முரண்டு பிடிக்கும், பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். முகாமில் திடலுக்குப் போகும் முன்பே பயிற்றுநரிடம், "சாயா கிடால், துவான், தாப்பி மாத்தா சாயா கானான்" (நான் இடக்கைக்காரன், ஐயா, ஆனால் என் கண் வலம்) என்று சொல்லிவிடும்படி அவன் அம்மா அவனை இப்போது மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
முன்னாள் வத்தானியா வீரர்,
பிறை, பினாங்கு