வலப்பக்கம் நின்றவருக்கு நன்றி

நண்பர்களே, போர்ப்பகுதியில் செய்திக்காகப் படம்பிடிக்கப் போயிருந்த நான் பத்திரமாகத் திரும்பிவிட்டேன். என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், பாதியை டிவியில் பார்த்திருப்பீர்கள், மறுபடி அதற்குள் போக எனக்குத் தெம்பில்லை. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி எங்கள் டிரைவருக்கு. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அதனால் பெயர் வேண்டாம். கேமராவைத் தோளில் வைத்து வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்துவிட்டால் வலப்பக்கம் எதுவுமே தெரியாது, கேமராவே சுவர் மாதிரி மறைத்துவிடும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எஞ்சினை அணைக்காமல் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. நான் எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், தானாக இறங்கி வந்து என் வலப்பக்கம் நின்று, குண்டு துளைக்காத ஜாக்கெட்டின் பின்பக்கப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். பின்னோக்கி நடக்கும்போது குழி வந்தால் ஒரு இழுப்பு. தூரத்தில் டாங்கி தெரிந்தால் முதுகில் இரண்டு தட்டு, கேமராவை இறக்கு என்று அர்த்தம். வாயைத் திறந்தால் மைக்கில் விழும் என்பதையும் அவராகவே புரிந்துவைத்திருந்தார்!

அந்த இரண்டு தட்டு சின்ன விஷயம் இல்லை. 2003 ஆகஸ்டில் இராக்கின் அபு கிரைப் சிறைக்கு வெளியே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவன ஒளிப்பதிவாளர் மாசென் டானாவை அமெரிக்கப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். கேமராவை ராக்கெட் லாஞ்சர் என்று நினைத்துவிட்டோம் என்றார்கள் அப்புறம். தோளில் கேமரா வைத்திருக்கிற எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

மொழிபெயர்ப்பாளர், ஜெனரேட்டரில் எங்கள் பேட்டரிகளுக்கு இடம் கொடுத்த மருத்துவமனை ஊழியர்கள், ராத்திரியெல்லாம் விழித்திருந்து ஃபுட்டேஜை வாங்கிய அலுவலகச் செய்தி டெஸ்க் ஆட்கள், வீட்டுக்குப் போன் செய்து தைரியம் சொன்ன நீங்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டும்தான், இப்போதைக்கு முடியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் நிற்கிறது. அந்தப் பட்டையைப் பிடித்து நின்ற மனிதர் போட்டிருந்தது வெறும் சட்டை. போர்ப்பகுதியில் வேலை பார்க்கும் பத்திரிகையாளரைப் பொதுமக்களாகவே கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று போர்க்கால விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை சொல்கிறது, சரி, ஆனால் ஹெல்மெட்டும் காப்பீடும் சட்டம் கொடுப்பதில்லை, வேலைக்கு அனுப்புகிறவர்கள்தான் கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்தார்கள். அவருக்கு இல்லை. இனி டிரைவருக்கும் அதே ஜாக்கெட், அதே காப்பீடு இல்லாமல் நான் கிளம்பப் போவதில்லை. அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.