கடக்க வழி செய்தீர்கள், பார்க்கவும் ஓர் இடம் வேண்டும்

பெரும் பாலங்களைக் கட்டிக் காத்துவரும் நெடுஞ்சாலைத் துறையினருக்கும் பால நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

உள்ளேயே படுத்துச் சமைக்க வசதியுள்ள கேம்பர்வேனில் சுற்றுகிறவர்களில் ஒரு நல்ல பாலத்தைப் பார்ப்பதற்காகவே வழியை மாற்றிக்கொள்கிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். எங்கள் வரைபடங்களில் கோயிலும் கடற்கரையும் குறித்திருப்பதைவிடப் பாலங்களே அதிகம் குறித்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் சார்பில் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது: நீங்கள் கட்டியதை நின்று பார்க்க எங்களுக்கு இடம் கொடுங்கள்.

பாலத்தின் மேல் போகிறவருக்குப் பாலம் தெரிவதில்லை. தார்ச்சாலை தெரியும், பக்கவாட்டுத் தடுப்புச் சுவர் தெரியும், முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் தெரியும். தொங்குபாலம் என்றால் கோபுரங்களும் வடங்களும் கொஞ்சம் கண்ணில் படும். அடியில் வளைவு தாங்கி நிற்கும் பாலமாக இருந்தால் அதுவும் கிடையாது. இணைப்புகளில் டயர் தட்டும் ஓசையைக் கேட்டுத்தான் பாலத்தில் போகிறோம் என்றே தெரிந்துகொள்ள வேண்டும். வேன் ஓட்டுகிறவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவும் முடியாது, பார்க்கவும் கூடாது. பாலத்தின் முழு அழகும் கரையிலோ, பள்ளத்தாக்கின் அடியிலோ, எதிர்க்குன்றின் மேலோ நிற்பவருக்குத்தான் கிடைக்கிறது. அந்த இடத்துக்குப் போகிற வழி பல பாலங்களில் இல்லவே இல்லை.

இருக்கிற இடத்திலும் எங்களுக்கு நுழைவு இல்லை என்பது இன்னொரு வருத்தம். பாலம் நன்றாகத் தெரிகிற வாகன நிறுத்தத்தைத் தேடிப் பிடித்துப் போனால், வாசலில் 2 மீட்டர் உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பம். உயரக் கூரை வைத்த வேன் இரண்டரை மீட்டரைத் தாண்டும். உள்ளே இடம் காலியாகக் கிடக்கும். நாங்கள் பின்னோக்கி எடுத்துத் திரும்ப வேண்டும், பின்னால் வரிசையாக நிற்கும் கார்களுக்குக் கையசைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. ஒரு பெரிய பாலத்தின் அருகில் இப்படித் திரும்பி, வெகுதூரம் போய் வேனை விட்டுவிட்டு, நடைபாதையே இல்லாத சாலையின் ஓரமாகக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறேன். பாலம் அற்புதம். ஆனால் அந்த நடையை இன்னொரு குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பம் ஏன் வந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சிலர் நாள்கணக்கில் தங்கினார்கள். குப்பையை விட்டுப் போனார்கள். கழிவுநீரைத் திறந்துவிட்டவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் அதற்கு மருந்து நேரக் கட்டுப்பாடு. இரண்டு மணி நேரம் மட்டும், இரவில் தங்க அனுமதியில்லை, மீறினால் அபராதம் என்று எழுதி வையுங்கள், கண்டிப்பாக வசூலியுங்கள். கட்டணம் கேட்டால் அதையும் மகிழ்ச்சியோடு கட்டுவோம்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸில் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட மில்லாவ் பாலத்தைப் பாருங்கள். நீளம் 2,460 மீட்டர், தாங்கி நிற்பவை ஏழே தூண்கள். அவற்றில் உயரமான தூணின் உச்சிக் கம்பம் தரையிலிருந்து 343 மீட்டர். ஈபிள் கோபுரத்தை மிஞ்சும் உயரம். பொறியாளர் மிஷேல் விர்லோஜோவும் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டரும் சேர்ந்து உருவாக்கியது. மேலே ஓட்டிப் போனால் இதில் எதுவும் புரியாது. காற்றைத் தடுக்க இருபுறமும் 3 மீட்டர் உயரத்தில் திரை வேறு வைத்திருக்கிறார்கள். ஆனால் வடக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்று அமைத்து, அங்கிருந்து மேட்டுக்கு ஏறிப் பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் அடியில் போகும் பழைய சாலை இன்னும் இருப்பதால், தூணின் காலடிக்கும் போய் அண்ணாந்து பார்க்கலாம். மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை என்று பார்க்கும்போதுதான் அந்தத் தூண்கள் உயரே போகப்போக இரண்டாகப் பிளந்து நிற்பது கண்ணில் படுகிறது. தளம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க வேண்டுமே, அதற்கு இடம் கொடுக்கும் நெகிழ்வு அந்தப் பிளவில் இருக்கிறது.

நார்வேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். 1989-இல் திறந்த அட்லாண்டிக் சாலையில் எட்டுப் பாலங்கள் தீவுக்குத் தீவு தாவிப் போகின்றன. அவற்றில் ஸ்டோர்சைசுண்டெட் பாலம் ஒரு கோணத்தில் பார்த்தால் பாதியிலேயே வானத்தில் முடிந்துவிட்டதுபோல வளைந்து நிற்கும். அதை நிதானமாகப் பார்க்க வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். அதற்கென்றே வாகன நிறுத்தமும், ஒரு சிறு தீவைச் சுற்றிவரும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள்.

இடம் கிடைத்த பிறகு வேண்டியது, அந்தப் பாலத்தின் கதையையும் அது நிற்கும் விதத்தையும் சொல்லும் ஒரு பலகை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் 1890-இல் திறக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1879 டிசம்பர் 28 இரவு, டே ஆற்றுப் பாலம் புயலில் சரிந்து ரயிலோடு ஆற்றில் விழுந்திருந்தது. மக்களுக்குப் பாலம் என்றாலே பயம். புதிய பாலத்தின் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர் அந்தப் பயத்தைப் போக்கச் செய்த விளக்கம், நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்தது. நாற்காலிகளில் இரண்டு பேர் உட்கார்ந்து கைகளை இருபுறமும் நீட்டினார்கள். கைக்கும் நாற்காலிக்கும் இடையே சாய்வாக முட்டுக் கழிகள். வெளிப்பக்கக் கைகளில் செங்கல் பாரம். உள்பக்கக் கைகளுக்கு நடுவே தொங்கிய பலகையில் மூன்றாமவர் ஒருவர், ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் கைச்சி வதனாபே, நிம்மதியாக அமர்ந்திருக்கிறார். கைகள் இழுவிசையைத் தாங்குகின்றன, கழிகள் அழுத்தத்தைத் தாங்குகின்றன, நடுவில் இருப்பவர் விழவில்லை. பாலமும் அதேதான், இன்னும் பெரியதாக. அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பிறகு பாலத்தைப் பார்த்தால், 53,000 டன் எஃகுக்குள்ளும் அந்த மூன்று பேர் உட்கார்ந்திருப்பது தெரியும். எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

அதே ஃபோர்த் கரையில் நின்றால் 1890-இன் ரயில் பாலம், 1964-இன் தொங்குபாலம், 2017-இல் திறந்த வடம் தாங்கிய குயின்ஸ்ஃபெரி பாலம் என்று மூன்று நூற்றாண்டுகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றும் ஒரே நீரைக் கடக்கின்றன, மூன்று வேறு யோசனைகளால். இப்படி ஓர் இடத்தில் யாரும் சொல்லித்தராமலே எவ்வளவு கற்றுக்கொள்ளலாம்!

இங்கிலாந்தின் ஹம்பர் பாலத்துக்கு ஒரு வரி போதும்: கோபுரங்கள் இரண்டும் நேர் செங்குத்தாக இருந்தும், உச்சியில் அவற்றுக்கு இடையேயான தூரம் அடியில் இருப்பதைவிட 36 மில்லிமீட்டர் அதிகம், ஏனென்றால் பூமி உருண்டை. 1,410 மீட்டர் இடைவெளியில் பூமியின் வளைவு கணக்கில் வந்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பவர் சும்மா நகர்ந்து போவாரா?

அந்தப் பலகையில் இறந்தவர்களும் இருக்க வேண்டும். ஃபோர்த் பாலப் பணியில் இறந்தவர்கள் 57 பேர் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் ஆவணங்களைத் துருவி, 73 பேர் என்று கண்டுபிடித்துப் பெயர்களை மீட்டார்கள். 2012-இல் இரு கரைகளிலும் நினைவுச்சின்னம் வந்தது. அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டும்போது அடியில் கட்டிய வலை 19 பேரைக் காப்பாற்றியது. ஆனாலும் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 பேர் 1937 பிப்ரவரி 17 அன்று, சாரம் சரிந்து வலையையே கிழித்துக்கொண்டு விழுந்தபோது இறந்தவர்கள். திறப்பு விழா நடத்தியவரின் பெயர் எங்கும் கல்லில் இருக்கிறது. எஃகுத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவரின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

இனி காற்று. எங்கள் வண்டிகள் உயரமும் தட்டையான பக்கங்களும் கொண்டவை; பக்கக்காற்று பிடித்தால் திருகும். உயர வாகனங்களுக்குத் தடை என்று நீங்கள் அறிவிப்பதை நாங்கள் மதிக்கிறோம். அந்த அறிவிப்பைப் பாலத்தின் வாயில் வைக்காமல், விலகிப்போகும் கடைசிச் சந்திப்புக்கு முன்பே வையுங்கள் என்பதுதான் கோரிக்கை. அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள மெக்கினாக் பாலம், சுமார் 8 கி.மீ. நீளம், 1957-இல் திறந்தது. அங்கே பலத்த காற்றில் உயரமான வண்டிகளை நிர்வாகமே மெதுவாகத் துணைக்கு வந்து அழைத்துப் போகிறது. பாலத்தில் ஓட்டப் பயப்படுகிறவர்களின் வண்டியை ஊழியரே ஓட்டி மறுகரை சேர்க்கிற சேவையும் அங்கே உண்டு. பயப்படுகிறவரைக் கேலி செய்யாமல் கைகொடுக்கும் நிர்வாகம். எல்லாரும் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை, முன்கூட்டியே ஓர் அறிவிப்பு போதும்.

பாலத்தில் பெரிய பழுதுபார்ப்போ வண்ணப்பூச்சோ திட்டமிடும்போது, அதே மதிப்பீட்டில் ஒரு வரி சேருங்கள். ஏதாவது ஒரு கரையில், உயரத் தடுப்பு இல்லாத பத்து வண்டிகளுக்கான நிறுத்தம், சாலையைக் கடக்காமல் நீரோரம் வரை இறங்க ஒரு பாதை, சக்கர நாற்காலியும் போகிற சரிவில், ஒரு பலகை, ஒரு குப்பைத்தொட்டி. பாலத்துக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. புதிய பாலம் கட்டுகிறவர்களுக்கு இன்னும் எளிது: கட்டுமானத்தின்போது எந்திரங்களும் கற்களும் வைக்க நீங்கள் சமன்படுத்தும் களம் பெரும்பாலும் பாலம் நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் இருக்கும். வேலை முடிந்ததும் வேலி போட்டு மூடாமல் எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் பொறுப்பில் உள்ள பாலங்களில் எதில் இதை முதலில் தொடங்கப்போகிறீர்கள் என்பதைப் பொதுவில் அறிவியுங்கள். விதிகளையும் நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். நாங்கள் வருவோம், மதித்து நடப்போம்.

அன்புடன்,
கேம்பர்வேன் பயணி ஒருவன்