பள்ளிக்கூடம் போகாத மருமகனுக்குச் சான்றிதழ் யார் தருவார்கள்?

எக்ஸ்டன், பென்சில்வேனியா

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

அண்ணா, போனில் நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு யார் டி.சி. தருவா, யார் மார்க் ஷீட் தருவா, நாளைக்குக் காலேஜில் எதைக் காட்டுவான்?" என்று கேட்டீர்கள். அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன். என் மகனை, உங்கள் மருமகனை, ஏன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. சான்றிதழைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதை நான்தான் தருவேன். கேட்கத் தூக்கிவாரிப் போடும், ஆனால் இந்த மாநிலத்தில் சட்டப்படியே அப்படித்தான்.

நம் ஊரில் தேர்வுத் துறை ஒன்று இருக்கிறது, மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஒரே வினாத்தாள், அதில் தேறினால்தான் பிளஸ் டூ. அமெரிக்கா முழுமைக்கும் அப்படி ஒரு பொதுத்தேர்வே கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்ததற்கு ஹைஸ்கூல் டிப்ளமோ என்று ஒன்று தருகிறார்கள், அதற்கு என்னென்ன படித்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் விஷயத்திலும் அதே கதைதான். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி, அங்கே பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கிறோம் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவே வேண்டாம், அதே மாதிரி கடைசியில் அரசாங்கம் அங்கீகரிக்கிற காகிதம் என்று எதுவும் கைக்கு வராது. எங்கள் பென்சில்வேனியாவில் நேர்மாறு. 1988-இல் வீட்டுக் கல்விக்கென்றே சட்டம் போட்டார்கள், நாட்டிலேயே கெடுபிடி அதிகமுள்ள சட்டங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. கெடுபிடி இருக்கிற இடத்தில்தான் காகிதத்துக்கு மதிப்பும் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1-க்குள் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். நான் நோட்டரி முன்னால் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். சொல்லிக்கொடுக்கிற நான் குறைந்தது பிளஸ் டூ அளவுக்காவது படித்திருக்கிறேன், பிள்ளைக்குத் தடுப்பூசிக் கணக்கு சரியாக இருக்கிறது, வீட்டிலுள்ள பெரியவர்கள் யாரும் கடந்த ஐந்து ஆண்டுகளில் சட்டம் குறிப்பிடுகிற குற்றங்களில் தண்டனை பெற்றதில்லை, இந்த வருடம் இன்னின்ன பாடத்தில் இன்னின்னது படிக்கப்போகிறோம், எல்லாம் அதில் வரும். அப்புறம் வருடத்துக்கு 180 நாள் பாடம், இல்லையென்றால் மணிக்கணக்கில் மேல்வகுப்புக்கு 990 மணி நேரம். தீ விபத்தைத் தடுப்பது பற்றி வருடா வருடம் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணி கேட்டால் சிரிப்பார், ஆனால் சின்னவள் இப்போது அடுப்பில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு மூட வேண்டும் என்று எனக்கே சொல்கிறாள்.

வருடக் கடைசியில் மதிப்பீட்டாளரிடம் போக வேண்டும். சட்டம் சொல்கிற தகுதி உள்ளவராக நாமே ஒருவரைத் தேடிக்கொள்ளலாம், எங்களுக்கு அமைந்தவர் ஆசிரியர் உரிமம் உள்ள ஒரு அம்மா. போன தடவை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்தோம். என்னிடம் அதிகம் பேசவில்லை, அவன் வேலைகளைத் தொகுத்து வைத்திருந்த ஃபைலை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். பிராண்டிவைன் ஓடையில் அவன் மாதா மாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்த அட்டவணை அதில் இருந்தது, கலர் மாறுகிற பட்டையை வைத்து நைட்ரேட் எவ்வளவு என்று பார்த்துப் பென்சிலால் எழுதியது, ஒரு மூலையில் ஈரம் பட்டுச் சுருங்கியிருந்தது. அந்தப் பக்கத்திலேயே அவர் நின்றுவிட்டார். வசந்த கால மழைக்கு அப்புறம் ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்டார். மேற்கே எல்லாம் வயல், உரம் மழையில் கரைந்து ஓடைக்கு வருகிறது என்று இவன் சொல்ல, சரி, அப்படியானால் வயல் இல்லாத ஒரு கிளை ஓடையிலும் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று அவர் கேட்க, இரண்டு பேரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். எத்தனை மார்க் என்று அவர் கேட்கவே இல்லை. படிப்பு முறையாக நடந்திருக்கிறது என்று எழுதித் தந்தார், அந்தத் தாளை ஜூன் 30-க்குள் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு மூன்று, அறிவியல் மூன்று, சமூக அறிவியல் மூன்று, கலையும் மானுடப் பண்பாட்டுப் பாடங்களும் (ஹியூமானிட்டீஸ்) இரண்டு. டிப்ளமோவுக்குச் சட்டம் கேட்பது இவ்வளவுதான். பன்னிரண்டு முடியும்போது மாநிலக் கல்வித் துறையின் படிவத்தில் நானும் மதிப்பீட்டாளரும் கையெழுத்துப் போடுவோம், முடிந்தது. 2014-க்கு முன்னால் பெற்றோர் தருகிற டிப்ளமோவுக்கு இந்த அங்கீகாரம் கிடையாது. அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி, மாநில அலுவலகங்களும் கல்லூரி உதவித்தொகை தருகிற மாநில அமைப்பும்கூட இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்காக முன்னால் பாடுபட்ட பெற்றோர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் பட்ட பாட்டில்தான் இன்று நான் நிம்மதியாக இருக்கிறேன்.

இது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. மாநிலம் அங்கீகரித்த வீட்டுக் கல்விச் சங்கங்கள் சில உண்டு, அவை தம் விதிப்படி இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு, தம் பெயரில் டிப்ளமோ தரும். வீட்டிலிருந்தே கணினியில் படிக்கிற சைபர் சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை, ஆனால் அது அரசுப் பள்ளிக் கணக்கில் வரும், பாடத்திட்டம் அவர்களுடையது, டிப்ளமோவும் அவர்களுடையது. ஜி.இ.டி. என்று நான்கு தாள் பரீட்சை எழுதியும் வாங்கலாம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படிப்பை விட்டுப் போன படைவீரர்களுக்காக ஆரம்பித்தது அது. கல்லூரியில் 30 கிரெடிட் (பாடங்களை அளக்கிற அலகு) முடித்துவிட்டு அதைக் காட்டி மாநிலத்திடம் டிப்ளமோ கேட்கிற வழியும் உண்டு.

நாங்கள் எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிட்டு முதல் வழியையே பிடித்திருக்கிறோம். ஜி.இ.டி. நல்ல பரீட்சைதான், பாதியில் விட்டவர்களுக்குப் பெரிய கதவு, ஆனால் இவன் எதையும் பாதியில் விடவில்லையே, நான்கு வருடம் முழுதாகப் படிக்கிறவன் அந்தக் காகிதத்தோடு ஏன் போய் நிற்க வேண்டும்? சைபர் பள்ளியில் சேர்த்தால் ஓடைக்குப் போக நேரம் இருக்காது.

காலேஜ்காரர்கள் டிப்ளமோவை விட டிரான்ஸ்கிரிப்டைத்தான் பார்க்கிறார்கள், அண்ணா. எந்த வருடம் எந்தப் பாடம், என்ன புத்தகம், என்ன மதிப்பெண் என்று நான்கு வருடக் கணக்கு. அதையும் நான்தான் தயாரிக்க வேண்டும், விண்ணப்பத்தில் பள்ளி ஆலோசகர் எழுத வேண்டிய பகுதியையும் நானே எழுத வேண்டும். தாய் பிள்ளைக்குப் போடுகிற மதிப்பெண்ணை யார் நம்புவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். அதனால்தான் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. பரீட்சை எழுதவைக்கிறோம், பக்கத்தில் இரண்டு வருடப் படிப்பு தருகிற கம்யூனிட்டி காலேஜில் பதினோராம் வகுப்பிலேயே ஒன்றிரண்டு பாடம் எடுக்கவைக்கப் போகிறோம். அங்கே மதிப்பெண் போடுகிறவர் இவனுக்கு மாமாவும் இல்லை, சித்தியும் இல்லை. இன்னொன்று, 2022-இல் வந்த சட்டப்படி வீட்டில் படிக்கிற பிள்ளை பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்ச் சில பாடங்கள் மட்டும் படிக்கலாம், தொழிற்கல்விப் பயிற்சியிலும் சேரலாம். அவனுக்கு வெல்டிங் கற்றுக்கொள்ள ஆசை, பார்க்கலாம்.

ஆகவே பயப்படாதீர்கள். அம்மாவிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், பேரன் படிக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெருவில் யாராவது கேட்டு அவர் வருத்தப்படக் கூடாது.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும். பல காலேஜ்களில் வேற்று மொழி இரண்டு வருடம் கேட்பார்கள், அவனுக்குத் தமிழையே பாடமாக வைத்து டிரான்ஸ்கிரிப்டில் எழுதப்போகிறேன். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை வாங்கி, அடுத்து ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். இணையத்தில் கிடைக்கிறது, தெரியும், ஆனால் அவனுக்குத் தாளில் கோடு போட்டுப் படித்தால்தான் ஏறும். அண்ணி, உரைநூல் வேண்டாம், அர்த்தம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவில் நீங்கள் அவனிடம் போனில் கொஞ்ச நேரம் தமிழிலேயே பேசினால் அதையும் பேச்சுப் பயிற்சி என்று கணக்கில் எழுதிக்கொள்வேன், என்ன பேசினீர்கள் என்று மட்டும் எனக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை