தக்காளிப் பெட்டியும் தேவைக் கோடும்

அன்பு மகளுக்கு,

காலாண்டுத் தேர்வின் பொருளியல் விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய், நிதானமாகப் பார்த்தேன். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவை வரைபடத்தில் விலையைக் கிடைமட்ட அச்சில் குறித்திருக்கிறாய். காரணமாக இருப்பதை எக்ஸ் அச்சில் வைக்கக் கணக்கு வகுப்பில் பழகியவளுக்கு அது இயல்பான தவறுதான். ஆனால் 1890இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் விலையைச் செங்குத்து அச்சில் வைத்து வரைந்ததைப் பொருளியலார் இன்றுவரை மாற்றவில்லை. அதை வழக்கமென்று ஏற்றுக்கொண்டு மேலே போ. பெரிய பிழை இரண்டாவது படத்தில் இருக்கிறது.

விலை குறைந்தால் தேவைக் கோடு வலப்புறம் நகரும் என்று எழுதியிருக்கிறாய். நான் கணக்கு எழுதும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நினைத்துக்கொள். வரத்து மிகுந்து ஏலத்தில் விலை இறங்கும்போது வியாபாரி சற்றுக் கூடுதலாக வாங்குகிறார். அது அதே கோட்டின் மீது கீழே இறங்குவது, உன் பாடநூல் சொல்லும் தேவை விரிவு. ஓணம் நெருங்கும்போது கேரள வியாபாரிகள் நேற்றைய விலைக்கே அதிகப் பெட்டிகள் கேட்கிறார்கள்; அப்போதுதான் கோடே நகர்கிறது.

விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் நெகிழ்ச்சி; அந்த வினாவில் வாய்பாட்டோடு நிறுத்திவிட்டாய். பெட்டி 140 ரூபாய் வீதம் 100 பெட்டி விற்ற கடையில், விலை 70 ஆனதும் 120 பெட்டி விற்கிறது என்று வைத்துக்கொள். விலை 50 சதவீதம் இறங்க, அளவு 20 சதவீதமே ஏறியது; 20ஐ 50ஆல் வகுத்தால் நெகிழ்ச்சி 0.4. வரவோ 14,000 ரூபாயிலிருந்து 8,400க்கு விழுகிறது. மலிந்துவிட்டது என்பதற்காக எந்த வீட்டிலும் ரசத்தில் இரு மடங்கு தக்காளி கரைப்பதில்லை அல்லவா? பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் போக மிச்சமில்லாத நாளில் விவசாயி காயைச் செடியிலேயே விட்டுவிடுகிறார், அல்லது சாலையோரம் கொட்டுகிறார். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோதும் இதே நெகிழ்ச்சியின்மைதான் எதிர்ப்பக்கமாக வேலை செய்தது. வாங்குவதைக் குறைத்தார்களே தவிர யாரும் அடியோடு விடவில்லை, சென்னையில் அரசே நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்தது.

நல்ல விளைச்சல் எப்படி நட்டமாகும் என்று சிறுவயதில் நீ கேட்டபோது, காலக் கொடுமை என்று சொல்லித் தப்பித்தேன். பொருளியல் என்றால் என்ன என்பதற்கு மார்ஷல் தந்த நல இலக்கணத்தையும், இன்னொரு பொருளியலாளரான ராபின்ஸ் தந்த பற்றாக்குறை இலக்கணத்தையும் மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கியவன் நான். மார்க்கெட்டில் பத்தாண்டுகள் கணக்கு எழுதிய பிறகுதான் எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தது.

இரண்டு படங்களையும் திருத்தி வரைந்து அனுப்பு. கூடவே ஒன்றையும் யோசி: ஓணத்துக்கு முந்தைய வாரம் மழை பெய்து வரத்தும் குறைந்துவிட்டால், தேவைக் கோடும், எந்த விலைக்கு எவ்வளவு விற்க வரும் என்று காட்டும் அளிப்புக் கோடும் எந்தெந்தப் பக்கம் நகரும்? விலை ஏறும் என்பது உறுதி. விற்கும் பெட்டிகளின் எண்ணிக்கையைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
அப்பா